நாற்காலி வரியும் ரசீதுக்காரியும்

வரி அலுவலகத்தில் பதினோரு வருடம் நின்றுகொண்டே ரசீது எழுதியவளுக்கு ஒருவழியாக ஒரு நாற்காலி கிடைத்தது. அடுத்த மாதமே நாற்காலிகளுக்கு வரி வந்துவிட்டது.

ஊரில் அவளை ரசீதுக்காரி என்றுதான் சொல்வார்கள். யாரும் அவள்மேல் இரக்கப்பட்டு அந்த நாற்காலியைக் கொடுத்துவிடவில்லை. கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு இந்த நாட்டை ஆண்டவர்கள் புதிய சட்டப் புத்தகம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். உட்கார்ந்து எழுதிய ரசீதுதான் செல்லும் என்று அதில் ஒரு விதி. நின்று எழுதினால் எழுத்து கோணுகிறதாம். காரணம் எதுவானால் என்ன? முதல் நாள் உட்கார்ந்தபோது கெண்டைக்காலில் பல வருடமாக முடிச்சிட்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து இறங்கியது. கண் கலங்கிவிட்டது. பேனா கீழே விழுந்த மாதிரி குனிந்து தேடினாள்.

வரி முதலில் நான்கு காலும் முதுகும் உள்ள இருக்கைகளுக்கு மட்டும்தான். ஊரார் ஒரு காலை அறுத்துவிட்டுச் சுவரோரம் சாய்த்துப் போட்டுக்கொண்டார்கள். கால் எத்தனையானாலும் வரி உண்டு என்று திருத்தம் வந்தது. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். வாளிக்கும் வந்தது. கடைசியாக, எதன்மேல் ஒருவர் உட்கார்ந்தாலும் அதற்கு வரி என்று எழுதி, மேலிடத்தார் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். அந்த வாரமே, கைக்குழந்தையோடு சந்தையில் நின்ற கீரைக்காரியை ஒரு காவலர் மறித்தார். குழந்தை உட்கார்ந்திருந்தது அவள் இடுப்பின்மேல். இடுப்புக்கு வரி போட்டுச் சீட்டை நீட்டிவிட்டார்.

கீரைக்காரி நேராக வரி அலுவலகத்துக்கு வந்தாள். வரி கட்ட வழியில்லாதவர் அந்தப் பொருளையே ஒப்படைத்துவிடலாம், அலுவலகம் மறுக்கக் கூடாது, ரசீது கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லியிருந்தார்கள். குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு ஒருக்களித்து நின்று, இடுப்பை மேஜைமேல் சாய்த்தாள்.

"இந்தாங்க. எடுத்துக்கிட்டு ரசீது குடுங்க."

உள்ளேயிருந்து வரி அதிகாரி வந்தார். இடுப்பைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் வரச் சொன்னார். வரிசையில் நின்றவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. ஆனால் ஒப்படைக்கலாம் என்ற சேதி அவர்களோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை நாவிதர் தன் சுழல் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். பின்னாலேயே பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் வந்தன. மருத்துவர் வீட்டுச் சாய்வு நாற்காலி, முக்காலிகள், வாளிகள், ஒரு மரக்குதிரை. ஒரே வாரத்தில் மாடிப்படி மறைந்துபோயிற்று. பதிவேடுகள் இருந்த அறைக்கதவை இனித் திறக்க முடியாது. வரி அதிகாரி தம் அறைக்குப் போக நாற்காலிக் குவியல்மேல் தவழ்ந்து ஏறினார். மதியச் சாப்பாட்டை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் வரிசையில் ரசீதுக்காரியின் அக்கா நின்றாள். அக்கா தையற்காரி, கணவனை இழந்தபின் தங்கையோடுதான் இருந்தாள். தையல் மெஷினுக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். பழக்கதோஷத்தில் ரசீதுக்காரி தலை நிமிராமலே பெயரைக் கேட்டாள்.

"பேரா? உனக்குப் பேர் வச்சதே நான்தான்டி" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இனிமே நான் ஒத்தக் கால்ல நின்னுதான் மெஷினை மிதிக்கணும். நீ மகாராணி, உட்காரு."

அன்றிலிருந்து அக்கா பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. கொக்கு மாதிரி நின்று தைத்தாள்.

ரசீதுக்காரிக்குத் தன்னைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம். ஊரே நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மாலையில் எழுந்திருக்கும்போது மனசு கனத்தது. சுகம் ஒரு பக்கம், அந்தச் சுகத்தைக் கண்டு கூச்சம் ஒரு பக்கம். நாளைக்கு இதைத் தூக்கி மேஜைமேல் வைத்துவிடுவேன் என்று தினமும் நினைத்துக்கொண்டாள். தினமும் உட்கார்ந்தாள்.

அப்போது கடலுக்கு அப்பாலிருந்து கடிதம் வந்தது. ஒப்படைக்கப்பட்டவை எல்லாம் இப்போது உங்கள் அலுவலகத்தின் உடைமை. எனவே அத்தனைக்கும் நீங்களே வரி கட்ட வேண்டும் என்று கண்டிருந்தது. அதிகாரியின் முகம் சுண்டிப்போயிற்று. மேலும் ஒரு முக்காலிகூட உள்ளே வரக் கூடாது. ஆனால் மறுக்கவும் கூடாது. இரண்டு நாள் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். குவியல்மேல் தவழ்ந்து இறங்கி வந்தார்.

"இன்னையிலேர்ந்து நீ நின்னே எழுது. நாற்காலியை உள்ள போடு."

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. நின்று எழுதினால் ரசீது செல்லாது. ஜனங்கள் பொருளையும் கொடுத்துவிட்டு வரியும் கட்ட வேண்டியிருக்கும். அப்புறம் யாரும் ஒப்படைக்க வரமாட்டார்கள். வரிசையின் தலையில் மறுபடி கீரைக்காரி.

எழுந்திருக்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. பதினோரு வருடமும் யார் சொன்னாலும் செய்தவள்தான். கால்கள்தான் அசைய மறுத்தன.

"முடியாதுங்க ஐயா. கால் வலிக்குது."

பின்னாளில் அவள் ஏதோ பெரிய வார்த்தை பேசியதாக ஊரில் சொன்னார்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்.

அதிகாரி இரண்டு காவலர்களை அழைத்து, அவளை நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கச் சொன்னார். அவர்களில் மூத்தவர் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்று யோசித்தார்.

"நாங்க தூக்கினா அவங்க எங்க கைமேல உட்கார்ந்த மாதிரி ஆயிடுமே ஐயா. கைக்கு வரி யார் கட்டுறது?"

இளையவர் அதற்குள் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் ஒப்படைத்துவிட்டு ரசீதுக்காகக் காத்திருந்தார்.

அவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாற்காலி காலியானால் தூக்கிவிடுவார்கள் என்பதால், எழுந்துதான் ஆக வேண்டிய நேரங்களில், சேதி கேட்டு வந்த அக்கா அதில் உட்கார்ந்து இடம் பிடித்தாள். முதல் தடவை உட்கார்ந்தபோது அக்காவும் கண்ணை மூடிக்கொண்டாள். "இதுக்காடி இவ்வளவும்?" என்றாள். சற்றுப் பொறுத்து, "இதுக்காகச் செய்யலாம்தான்" என்றாள்.

நான்காம் நாள் இரண்டாவது கடிதம். வரி கட்ட முடியாவிட்டால் எல்லாரையும் போல ஒப்படையுங்கள் என்று ஒற்றை வாக்கியம். அதிகாரி அதை மூன்று முறை படித்தார். நாற்காலிகளை யாரிடம் ஒப்படைப்பது? அரசாங்கத்திடம். இங்கே அரசாங்கம் அவர்தான். தன்னிடமே கொடுத்துத் தன்னிடமே வாங்கினால் மறுபடி வரி. நாற்காலிகளின் சொந்தக்காரரான அரசாங்கத்தையே ஊராரிடம் ஒப்படைத்தால்தான் பிரச்சினை தீரும்.

மனிதர் ஒழுங்கு தவறாதவர். மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, பெஞ்சோடு நின்ற தச்சருக்குப் பின்னால் வரிசையில் நின்றார். யாரும் முன்னால் விடவில்லை; அவரும் கேட்கவில்லை. அவர் முறை வந்தது.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"ஆட்சி."

"எத்தனை?"

"ஒண்ணு."

அவள் எழுதினாள். உட்கார்ந்து எழுதியதால் எழுத்து கோணவில்லை. அதிகாரி முத்திரையையும் சாவிக்கொத்தையும் மேஜைமேல் வைத்தார். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் நடந்தார். வெளியே கூட்டம் விலகி அவருக்கு வழிவிட்டது. பிறகு நாவிதர் தன் சுழல் நாற்காலி எங்கே என்று கேட்க, எல்லாரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழைந்தார்கள்.

அக்கா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். "எழுந்திருடி. வெளியில எல்லாரும் உன்னைத்தான் கேக்கிறாங்க. தோள்மேல தூக்கிட்டுப் போகணுமாம்."

யாரும் கொடுக்காத நேரத்தில், யாரும் பறிக்க வராத நேரத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று ரசீதுக்காரிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"நீ போக்கா. நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துக்கிறேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். குவியலிலிருந்து யாருடையதோ ஒரு முக்காலியை உருவினாள். பக்கத்தில் போட்டாள்.

"தள்ளு, கால் நீட்டணும்" என்றாள்.