சூடாகாத டயர்

“பால் வண்டி அந்த வளைவுல போச்சு. ஸ்கூல் பஸ் போச்சு. சைக்கிள்ல ஒரு பெரியவர்கூடப் போயிருக்காரு. இவரு மட்டும் எப்படிப் போய் மரத்துல அடிக்கிறாரு? அதச் சொல்லுங்க.”

“மழை பேஞ்ச ரோடுப்பா. ஈரம். வேற என்ன சொல்லச் சொல்ற?”

“ஈரம் எல்லாருக்கும்தான இருந்துச்சு.”

“சாவு வீட்டுல வந்து வக்கீல் மாதிரி பேசாத. வயரிங் வேலை பாக்குறவன் நீ.”

பெரியவன் சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் சண்டை போட்டவர்கள் அவனுடைய சித்தப்பாவும், தம்பி மனைவியின் அண்ணனான எலக்ட்ரீஷியனும். தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். முந்தின நாள் காலை ஆறரை மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். உடலை மதியத்துக்கு மேல்தான் தருவார்களாம்.

“டயர் எப்படி இருந்துச்சுன்னு யாராவது பாத்தீங்களா?” எலக்ட்ரீஷியன் விடுவதாக இல்லை.

“டயரப் பத்தி நீ பேசாத. இருபத்தஞ்சு வருஷமா டயர் கடை வச்சிருக்கான் அவங்கண்ணன். அவன் கையால மாட்டினது.”

வடிகட்டி கை தவறித் தொட்டியில் விழுந்தது. பெரியவன் அதை எடுத்துக் கழுவினான். ஒரு முறை கழுவினால் போதும். மூன்று முறை கழுவினான்.

சின்னவனுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று அந்த ஸ்போர்ட்ஸ் காரைத் தானே பூட்டி எழுப்பியிருந்தான். இரண்டே இருக்கை, கூரை கிடையாது, மொத்த எடை ஐந்நூற்று எண்பது கிலோ. சாதாரணக் கார் ஒன்றின் பாதிதான். தட்டான் என்று அதற்குப் பேர் வைத்திருந்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் டயர் வாங்கக் கடைக்கு வந்தான். அவன் முன்னால் இரண்டு வகை இருந்தன. ஒன்று ரோட்டுக்கான மெது ரப்பர், குளிர்ந்து கிடந்தாலும் பிடிக்கும். இன்னொன்று ரேஸ் மைதானத்து டயருக்கு நெருங்கின ஜாதி, சூடேறினால் பசை மாதிரி ஒட்டும். இணையத்தில் கார் பைத்தியங்களின் குழு ஒன்றில் கேட்டிருந்தான். நாற்பது பேர் இரண்டாவதைத்தான் சொன்னார்களாம்.

“உன் வண்டி எடைக்கு அது சூடே ஆகாதுடா,” என்றான் பெரியவன். “கனமான வண்டிதான் டயர அமுக்கிப் பிசைஞ்சு சூடாக்கும். இது காத்தாடி மாதிரி மேல மேல போவும். சூடாகலன்னா அது வெறும் பிளாஸ்டிக். ஈரத்துல வாரி விட்டுரும்.”

“அண்ணே, லாரிக்கு டயர் மாத்துற ஆளு நீ. சொல்றவங்க ரேஸ் ஓட்டினவங்க. உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? மாட்டு, போதும்.”

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். ஒருவர் சிரித்தார்.

பெரியவன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. நாலு சக்கரத்தையும் அவனே மாட்டினான். வேறு எந்த வண்டிக்கும் அவ்வளவு சுத்தமாக அவன் பேலன்ஸ் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, மேகம் மூடிய சாயங்காலம் ஒன்றில், முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சின்னவன் நேராகக் கடைக்கு வந்தான். “தொட்டுப் பாருண்ணே, எப்படி இருக்குன்னு சொல்லு.” பெரியவன் குனிந்து புறங்கையை வைத்தான். முப்பது கிலோமீட்டர் ஓடின டயர் கையைச் சுட வேண்டும். இது ரேக்கில் அடுக்கி வைத்த டயர் போல இருந்தது. அவன் நிமிர்ந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். ஒரு தடவை லேசா வழுக்கட்டும், தானா ஓடி வருவான், அன்னைக்கு அந்த மூணு பேரும் கடையில இருக்கணும் என்று நினைத்தான். சின்னவன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போனான்.

“மாமா.”

தம்பி மனைவி சமையலறை வாசலில் நின்றாள். முகம் கழுவியிருந்தாள். ஈரம் துடைக்கவில்லை.

“எங்கண்ணன் பேசுறத மனசுல வச்சிக்காதீங்க. அவனுக்கு யார் மேலயாவது பழி போட்டாகணும்.”

“பரவால்லம்மா.”

“டயர் சரியாதான இருந்துச்சு?”

அவன் தேநீரை டம்ளரில் ஊற்றினான். ஏடு விழாமல் ஊற்றினான்.

“சரியாத்தான் இருந்துச்சு.”

“எனக்குத் தெரியும் மாமா. அவரே சொன்னாரு. நெட்டுல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவான், எங்கண்ணன் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, அப்ப அது சரின்னு அர்த்தம்னாரு. அன்னைக்குதான் நிம்மதியாத் தூங்கினாரு.”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். வண்டியில் கிடந்த பொருளை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பெரியவன் போனான். பின்பக்கத்துக் காலி இடத்தில் தட்டான் கிடந்தது. முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. பின் சக்கரம் இரண்டும் அப்படியே இருந்தன. காவலர் ஒரு பையில் மூக்குக் கண்ணாடியையும் பாதி குடித்த தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தார்.

“டயர் புதுசா சார்? நல்லாருக்கே,” என்றார்.

பெரியவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். நடுவில் கொஞ்சம் தேய்ந்திருந்தது. ஓரத்தில் புது டயருக்கு இருக்கிற மெல்லிய ரப்பர் முடிகள் அப்படியே நின்றன. சூடேறி உருகின தடம் எங்கும் இல்லை. கட்டை விரல் நகத்தால் அமுக்கினான். நகம் இறங்கவில்லை.

ஸ்டேஷன் சுவரோரம் நின்று போனை எடுத்தான். சின்னவனின் கேள்வி அந்தக் குழுவில் இன்னும் இருந்தது. அதற்குப் பதில் எழுத வேண்டும் என்றே அன்று இவனும் சேர்ந்திருந்தான். அப்போது ஒரு வரி அடித்து, அழித்தும் விட்டிருந்தான். கடைசியாக யாரோ மூன்று நாளைக்கு முன் எழுதியிருந்தார்: ‘டயர் எப்படி இருக்கு நண்பா? ரிவ்யூ போடுங்க.’

பெரியவன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான்.

‘வணக்கம். இந்தக் கேள்வி கேட்டவனோட அண்ணன் நான். லாரிக்கு டயர் மாத்துறவன். ஐந்நூத்தி எண்பது கிலோ வண்டில இந்த டயர் ரோட்டுல சூடாகாது. மாட்டும்போதே எனக்குத் தெரியும். அப்புறம் தொட்டும் பாத்தேன். சொல்லல. அவன் நேத்து காலைல செத்துட்டான். லேசான வண்டிக்கு இதே டயர் போட்டு ரோட்டுல ஓட்டுறவங்க யாராவது இருந்தா, முப்பது கிலோமீட்டர் மெதுவா ஓட்டிட்டு, இறங்கி, புறங்கைய வச்சுப் பாருங்க. எப்படி இருந்துச்சு, வண்டி எடை எவ்வளவுன்னு இதுக்குக் கீழ எழுதுங்க. நான் பதில் சொல்றேன்.’