மச்சினன் கடை மீடியம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பாதி மீசையை எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதியோடு தெருவில் நடக்கிறேன்.

என் மனைவியின் தம்பி முடிவெட்டும் கடை வைத்திருந்தான். ஒரே நாற்காலி. அதில் உட்காருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மீடியமா வெட்டுங்க." அவனும் இருபது வருடமாக மீடியமாகவே வெட்டி வந்தான்.

எதிரில் ஏசி வைத்த கடை ஒன்று வந்தது. அங்கே வாயே திறக்க வேண்டாம். சுவரில் உள்ள படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். மச்சினன் கடையில் வாரத்துக்கு ஏழு தலை தேறுவதே பாடாயிற்று. ஏழாவது தலை ஒரு லாரி டிரைவருடையது.

"யோவ், மீடியமான்னுதானே சொன்னேன்? உரிச்ச கோழி மாதிரி ஆக்கி வச்சிருக்க!"

"மொட்டைக்கு மேல, சடைக்குக் கீழ எல்லாமே மீடியம்தாண்ணே."

"அப்ப நீ மனுசனுக்கும் குரங்குக்கும் மீடியமா?"

சாயங்காலம் மச்சினன் என்னிடம் வந்தான். "மாமா, இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா கடைய மூடிட வேண்டியதுதான்."

"மீடியம்னா எவ்வளவுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நீயே முடிவு பண்ணிடுடா."

பஸ் நிறுத்தத்தில் நின்று, பள்ளிக்கூட ஸ்கேலால் நானூற்றுப் பன்னிரண்டு தலைகளை அளந்தோம். இரண்டு பேர் அடிக்க வந்தார்கள், அவர்களையும் அளந்தோம். சராசரி மூன்றேகால் சென்டிமீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு முடியை வெட்டி, கண்ணாடிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினோம். வாசலில் பலகை: "அசல் மீடியம் இங்கே மட்டும்."

மறுநாள் வரிசை தெருமுனையில் திரும்பியது. முடி வெட்டாதவர்களும் வந்தார்கள். டீக்கடைக்காரர் மீடியம் சர்க்கரைக்கு அளவு கேட்டார். தையல்காரர் மீடியம் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் ஒருவர், "காய்ச்சல் மீடியமா இருக்கு, எதுக்கும் அங்க காட்டிட்டு வாங்க" என்று ஒரு நோயாளியையே அனுப்பிவைத்தார்.

பத்தாம் நாள் ஏசி கடை முதலாளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மீடியமா வெட்டுப்பா."

மச்சினன் ஸ்கேலை வைத்துப் பார்த்தான். மூன்றேகால்.

"வெட்டியாச்சு சார். எந்திரிங்க, ஆள் காத்திருக்கு."

அந்த வாரமே அவர் கடையைக் காலி செய்தார். மச்சினன் கடை இன்றும் ஓஹோவென்று ஓடுகிறது.

என் மனைவி அவள் வீட்டுக்கு ஒரே பிள்ளை.