காலர் பாடத்தின் முதல் இரண்டு நிமிடம்

என் கொழுந்தனும் நானும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே பஸ். அவன் முன்வாசலில் ஏறினால் நான் பின்வாசலில் ஏறுவேன். தையல் கம்பெனியில் நான் பேட்டர்ன் மாஸ்டர். துணியை வெட்டுவதற்கு முன் சட்டையின் கை, காலர், முதுகு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பவள். அந்தக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ஆபீஸில் எல்லோரும் அவனை வயர் என்று கூப்பிடுவார்கள். கூப்பிட வேண்டிய அவசியமே வராதபடி நான் பார்த்துக்கொண்டேன்.

ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் மஞ்சள் சீட்டில் எழுதி என் மானிட்டரின் அடியில் ஒட்டிவிட்டுப் போவான். நான் படிக்காமல் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவேன். அவன் பார்க்கிற நேரமாகப் பார்த்துப் போட்டால் அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கும்.

சண்டை அவன் கல்யாணத்தால் வந்தது. எல்லாம் பேசி முடித்த பிறகு பெண் வீட்டுக்கு யாரோ போன் செய்து, மாப்பிள்ளைக்கு மூளைக்கோளாறு, தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசுவான் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் நின்றுபோனது. "அண்ணிதான் பண்ணியிருப்பாங்க" என்றான். நான் என் கணவரின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அவர் என்னை நம்பினார். தம்பியைச் சொந்தக்காரர்கள் முன்னால் நிற்கவைத்துத் திட்டினார்.

அது போகட்டும். போன திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"புதுசா வர்றவங்களுக்கு ஏழு வீடியோ பாடம் வேணும்மா. நீங்க ஸ்க்ரீன்ல வரையறதும் தெரியணும், பேசறதும் கேக்கணும். வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள குடுத்தா பயிற்சியாளர் வேலை உங்களுக்கு. இல்லன்னா வெளியிலேருந்து ஆள் எடுத்துருவோம்."

பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த வேலை. புதிதாக வருகிற ஒவ்வொருத்திக்கும் கற்றுக்கொடுத்தது நான். பெயர் மட்டும் எவனுக்கோ போகும். இந்த முறை விடுவதாக இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கொழுந்தன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஹெட்செட்டை மேஜைமேல் வைத்து, வழக்கம்போல ஒரு மஞ்சள் சீட்டையும் ஒட்டிவிட்டுப் போனான். வழக்கம்போல அது கூடைக்குப் போனது.

முதல் பாடம், முதுகுப் பகுதி. இருபது நிமிடம் தொண்டை வற்றப் பேசினேன். போட்டுப் பார்த்தேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. தப்பான இடத்தில் அழுத்தினால் கம்ப்யூட்டர் எழுப்பும் 'டிங்' கூடக் கேட்டது. என் குரல் மட்டும் இல்லை.

ஹெட்செட் வயரில் இருந்த மியூட் பட்டனைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. வயரைப் பிடுங்கி வேறு துளையில் சொருகி இரண்டாவது பாடம் எடுத்தேன். ஊமை. செட்டிங்ஸில் மைக்குக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்த்தேன், கொடுத்திருந்தது. மைக் சத்தத்தை நூறுக்கு ஏற்றி மூன்றாவது. அதுவும் ஊமை. இத்தனைக்கும் நான் பேசும்போதெல்லாம் சாஃப்ட்வேரின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு துள்ளிக்கொண்டேதான் இருந்தது. ஏமாற்றுவதற்கென்றே வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சொந்தக் காசில் புது ஹெட்செட் வாங்கி வந்தேன். நான்கு, ஐந்து, ஆறு. ஆறும் ஊமை.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏழாவது பாடத்துக்கு உட்கார்ந்தேன். காலர், இருப்பதிலேயே கஷ்டமானது. ரெக்கார்டிங்கை அழுத்தி, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்றேன். அறையில் வேறு யாரும் இல்லை. செத்த மைக்கைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய் வயரு, உன் வேலதான்டா இது. என் வாய அடைச்சிட்டா ஜெயிச்சிடுவியா? ஆமாடா, நான்தான் அந்த வீட்டுக்குப் போன் பண்ணேன். பொண்டாட்டிய கூட்டிட்டு வந்து மாடி ரூம்ல குடி வச்சிருப்ப. அங்க இருக்கற என் தையல் மெஷினையும் மேஜையையும் எங்கடா போடுறது, உன் தலையிலயா? இப்பவும் சொல்றேன், இன்னொரு எடம் அமைஞ்சாலும் பண்ணுவேன்."

இரண்டு நிமிடம் கொட்டித் தீர்த்தேன். நெஞ்சு லேசானது, உண்மையைச் சொல்கிறேன். அப்புறம் படமாவது இருக்கட்டும் என்று பாடத்தை நடத்தி முடித்தேன். வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் பாடம் நடத்த எனக்கு வராது.

பதினொன்றே முக்காலுக்கு ஏழு பாடங்களையும் மேனேஜருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு புகார்: என்மேல் உள்ள பகையால் கம்ப்யூட்டர் பிரிவு வேண்டுமென்றே என் மைக்கை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டது.

இரண்டு மணிக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"என்னப்பா, வீட்டுச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டு வர்றீங்களா? குரலே இல்லையாமே."

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "குரல் இருக்கும் சார். மைக் சத்தம் ரெண்டாவது ட்ராக்ல தனியா பதியற மாதிரி வச்சிருக்கேன். சும்மா ப்ளேயர்ல போட்டா கம்ப்யூட்டர் சத்தம் இருக்கற மொதல் ட்ராக் மட்டும்தான் கேக்கும். நான் சேத்துக் குடுத்துருவேன்."

"அத இந்தம்மாகிட்ட சொல்லலையா?"

"சீட்டு எழுதி ஒட்டினேன் சார்."

அப்படியென்றால் காலர் பாடத்தில் நான் கொட்டியதும் பதிந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.

"காலர் பாடத்தப் போடு, அதுதான் முக்கியம்" என்றார் மேனேஜர்.

எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்தான். படத்துக்குக் கீழே இரண்டு பட்டைகள். மேலே இருந்தது வெறும் கோடு. கீழே இருந்ததில் ஆரம்பத்திலிருந்தே மேடும் பள்ளமும். ஆரம்பத்தில்தான் மேடு அதிகம், அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறேன்.

"இருங்க சார், மொதல்ல நான் கேட்டுர்றேன்" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

சுவர்க் கடிகாரத்தில் முள் இரண்டு சுற்று சுற்றியது. அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை, காது மட்டும் சிவந்தது. மேனேஜர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன்.

"என்னய்யா, இருக்கா?"

"இருக்கு சார். ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் மைக் டெஸ்ட் பண்ணியிருக்காங்க. அத வெட்டிர்றேன்."

வெட்டினான். ஸ்பீக்கரைப் போட்டான். அறை முழுக்க என் குரல். காலரின் முனையை எங்கே மடக்க வேண்டும், எங்கே கால் இஞ்ச் விட வேண்டும் என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் தலையாட்டினார்.

"இவ்ளோ நல்லா வந்திருக்கு, இதுக்கா புகார் எழுதினீங்க? போங்கம்மா, திங்கக்கிழமைலேருந்து நீங்கதான் பயிற்சியாளர்."

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

படிக்கட்டில் அவன் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருட ஆசை கைக்கு வந்த நேரத்தில் எட்டு மாத ரோஷத்தை விழுங்கினேன்.

"தம்பி, அந்த ரெண்டு நிமிஷம்... அழிச்சிட்டீங்கல்ல?"

நின்றான். "வெட்டினேன்னுதான் சொன்னேன். வெட்டினத என் போனுக்கு அனுப்பி வச்சிருக்கேன்."

"உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"தெரியணும். நான் சொன்னா நம்பமாட்டாரு, ஏற்கெனவே பாத்துட்டேன். நீங்க உங்க வாயாலயே சொல்லுங்க அண்ணி. இன்னிக்கு அவரு சாப்புட்டு எந்திரிக்கறதுக்குள்ள. இல்லன்னா நான் போட்டுக் காட்றேன். அதுலயும் உங்க வாய்தான்."

எட்டு மாதத்துக்கு அப்புறம் அவன் என்னை அண்ணி என்று கூப்பிட்டான். அதைக் கேட்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் கணவர் ஒரே சந்தோஷமாக இருந்தார். வேலை கிடைத்ததை எதிர்வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டு வந்திருந்தார். என்னை எதிரில் உட்காரச் சொல்லி, அன்றைக்கு அவரே பரிமாறினார்.

"என்னடி பேசவே மாட்டேங்கற? வாய வச்சே வேலை வாங்கின ஆளு நீ."

அவர் தட்டில் இன்னும் இரண்டு வாய்தான் மிச்சம் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். பக்கத்து அறையில் கொழுந்தன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.