மரம் தேடிப் போன ரோடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலே திட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட மைமூன் நான், அந்த வியாழக்கிழமை பிரவின் நீட்டிய கடிதத்தைப் படித்துவிட்டு வாயடைத்து நின்றேன். 

பிரவின் எங்கள் மேனேஜர். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஆபீஸ். கீழே மல்லிகை தொடுக்கிறார்கள், மேலே நாங்கள் மரம் வெட்டத் திட்டம் போடுகிறோம். குத்தகைக்கு எடுத்த காட்டில் எங்கே வெட்டுவது, எத்தனை வெட்டுவது, வெட்டிய மரத்தை இறக்க லோரி ரோடு எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே வரைந்து, வன இலாகாவிடம் அனுமதி வாங்கிக் கொடுக்க வேண்டும். அதில் ரோடு என் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாக ரோடு வரைகிறேன். காட்டுக்குள் கால் வைத்தது மொத்தம் ஏழெட்டுத் தடவை இருக்கும். மற்றதெல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

காட்டில் நடக்கிறவர் ஜெயராஜ் அண்ணன். சாலாக் செலாத்தான்காரர், ஐம்பத்து மூன்று வயது. நான் வரைந்த கோட்டின் புள்ளிகளை அவர் ஃபோனுக்கு அனுப்புவேன். அவர் அந்தப் புள்ளிகளைத் தேடி நடந்து, ஒவ்வொன்றிலும் ஒரு நீல ரிப்பனைக் கட்டிக்கொண்டே போவார். பின்னால் வரும் புல்டோசர்காரன் ரிப்பனைப் பார்ப்பான், தள்ளுவான். ரிப்பன் கட்டியாகிவிட்டால் அதற்கு மேல் காட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

கடிதத்தில் இருந்தது மூன்றே வரி. பதினேழாம் தொகுதியில் அனுமதி பெற்ற வழியை விட்டு விலகி ரிப்பன் கட்டியது என் தவறு. ஜிபிஎஸ் கருவியைச் சரியாகப் பார்க்கவில்லை. இதற்கு நானே முழுப் பொறுப்பு. கீழே ஜெயராஜ் என்று பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"என்னா பிரவின் இது?"

"திங்கக்கெழம ஆடிட்டர் வராங்க லா, அக்கா. போன வாரம் சைட்டுக்கே போய்ப் பாத்துட்டாங்க. ப்ளான்ல ரோடு நாலு கிலோமீட்டர். அங்க ஆறு கிலோமீட்டர் கெடக்கு. யாராவது ஒரு ஆளு காரணம் சொல்லணும்ல?"

"அதுக்கு அவரா? அந்தப் புள்ளியெல்லாம் நீங்க குடுத்து நான் அனுப்புனது."

பிரவின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதத்தான் சொல்றேன். போனது உங்க ஃபோன்லேருந்து. நான் எதுவும் எழுதிக் குடுக்கல. உங்கள காப்பாத்தத்தான் இவ்ளோ கஷ்டப்படுறேன், புரிஞ்சிக்கோங்க."

நடந்தது இதுதான். மார்ச்சில் நான் வரைந்த ரோடு மலை முகட்டின் மேலேயே, நாலு கிலோமீட்டர், ஒரு ஓடையைக்கூடத் தொடாமல் போனது. இலாகா அதற்குத்தான் அனுமதி தந்தது. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரவின் ஒரு பென்டிரைவோடு என் மேசைக்கு வந்தார். முகட்டில் மண் சரியில்லையாம், கான்ட்ராக்டர் புது வழி கேட்கிறாராம், அனுமதியும் வந்துவிட்டதாம். "கடிதம் எங்க?" என்றேன். "வருதுலா அக்கா, நீங்க மொதல்ல ஜெயராஜுக்கு அனுப்பிடுங்க" என்றார். எங்கள் தொழிலில் வாடகைப் புல்டோசர் காட்டு வாசலில் வந்து நின்றுவிட்டால் யாரும் காகிதத்துக்குக் காத்திருப்பதில்லை. எனக்கும் கிள்ளானில் என் அக்கா மகளின் நிச்சயதார்த்தம், கொமுட்டர் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். அனுப்பிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

"இதுல கையெழுத்துப் போட்டா அவருக்கு என்னா ஆவும்?"

"காட்டுக்குள்ள போற பாஸ எடுத்துடுவாங்க. அவ்ளோதான். ஸ்ரீ கெம்பாங்கான்ல நம்ம ஸ்டோர் இருக்குல்ல, அங்க ஜாகா வேலைக்குப் போட்டுடலாம்."

அவ்வளவுதானாம்! முப்பது வருஷம் மலை ஏறிய மனுஷன், கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு, வருகிற லோரிக்கு நம்பர் எழுதிக்கொண்டு உட்கார வேண்டுமாம். அதை ஒரு கப் கோப்பி வாங்கிக் கொடுப்பது போல அத்தனை லேசாகச் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் பேரும் மாட்டுமே என்ற பயம்.

மறுநாள் வேலை ஓடவில்லை. ஒரு கேள்வி மட்டும் குடைந்தது. மண் சரியில்லை என்றால் ரோடு கொஞ்சம் விலகிப் போகும். இரண்டு கிலோமீட்டர் ஏன் கூடுகிறது?

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் காட்டில் உள்ள பெரிய மரங்களுக்கெல்லாம் நம்பர் போடுவார்கள். சிவப்புப் பெயின்ட் அடித்தால் வெட்டலாம். வெள்ளை வளையம் போட்டால் அது தாய் மரம், விதை கொட்டிக் காட்டை மறுபடி உண்டாக்குவதற்கு நிற்க வேண்டியது, தொடக் கூடாது. சிவப்பிலும் இத்தனைதான் என்று வரம்பு உண்டு. ஆனால் எங்கள் உரிமத்தில் ரோடு போகிற தடத்தில் நிற்கும் மரத்துக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. சிவப்போ வெள்ளையோ, ரோட்டுக்காக வெட்டினால் கணக்கில் சேராது. அந்த மரப் பட்டியலும், எந்த மரம் எங்கே நிற்கிறது என்று காட்டும் படமும் வேறு மேசையில் இருக்கும். ரோடு மேசைக்காரி மரப் படத்தைப் பார்ப்பதில்லை, மரத்து மேசைக்காரி ரோட்டைப் பார்ப்பதில்லை. ஆபீஸ் தொடங்கிய நாளிலிருந்து இப்படித்தான். அது ஏன் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

மரத்து மேசைக்காரி அன்று லீவு. பாஸ்வேர்டை ஸ்கிரீன் ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கும் மகராசி அவள். மரப் படத்தைத் திறந்து, ஜூனில் நான் அனுப்பிய கோட்டை அதன் மேல் வைத்தேன்.

யா அல்லாஹ்!

தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு ஹாரன் அடித்து நின்று போவானே ரொட்டிக்காரன், அதே போல அந்த ரோடு மரத்துக்கு மரம் நின்று நின்று போயிருந்தது. ஒரு செங்கால் மரத்துக்காகச் சரிவில் ஏறுகிறது. ஒரு மெராந்திக்காக ஓடை வரை இறங்குகிறது. அங்கிருந்து வளைந்து மறுபடி மேலே ஏறி இன்னொரு மரத்தைப் பிடிக்கிறது. எண்ணிப் பார்த்தேன், அறுபத்து மூன்று. எல்லாம் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டிய மரங்கள். அதில் பத்தொன்பது வெள்ளை வளையம் போட்டவை. லோரி போவதற்குப் போட்ட ரோடே இல்லை அது. மரம் தூக்கப் போட்ட ரோடு. அதை என் கையாலேயே அனுப்ப வைத்திருக்கிறார் பாவி!

மத்தியானம் ஜெயராஜ் அண்ணன் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். அவர் கைப்பேசி போகவில்லை.

"கம்பெனி ஃபோன்தானேன்னு பிரவின் வாங்கிக்கிட்டாரு தங்கச்சி" என்றார். அவர் கையில் இருந்த ஒரே ஆதாரம், நான் அனுப்பிய புள்ளிகள், அதில்தான் இருந்தது.

"அண்ணே, அந்தக் கடிதத்துல கையெழுத்துப் போடாதீங்க."

"போடாம? கேஸு கீஸுன்னு இழுத்தா நான் எங்க ஓடுவேன்? போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கேன் வுடு." பிறகு கேட்டார். "நான் அப்பவே ஒனக்கு வாய்ஸ் போட்டேன்ல?"

"ஞாபகம் இருக்குண்ணே" என்றேன்.

ஞாபகம் இருந்தது. புள்ளிகள் அனுப்பி நாலு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, கிள்ளான் ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது வந்த வாய்ஸ் மெசேஜ். மூன்று நிமிஷத்துக்கு மேல். ஜெயராஜ் அண்ணன் எதையும் சுருக்கமாகச் சொல்லமாட்டார். ரோடு வளைந்து வளைந்து போகிறது என்று ஏதோ சொன்னார். ஒரு நிமிஷம் கேட்டேன். நிறுத்திவிட்டுப் பதில் போட்டேன். இப்போது அதைத் திறந்து கேட்கலாம் என்று விரல் போனது, தைரியம் வரவில்லை. மரப் படம் கையில் இருக்கிறது, அதுவே போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆடிட்டர் உஷாராணி வந்தார். சுங்கை வே ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். இந்த மரம் ஒழுங்காக வெட்டின மரம் என்று சான்றிதழ் தருவதா, வேண்டாமா என்று முடிவு சொல்கிறவர். அவர் காலணி ஓரத்தில் காட்டு மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அவருக்கு எதிரே பிரவின். மேசையின் கடைசியில் ஜெயராஜ் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அவர் முன்னால் அந்தக் கடிதமும் ஒரு பேனாவும்.

பிரவின் பேசினார். என்னா பேச்சு! அனுபவசாலியும் சில சமயம் தவறுவதுண்டாம், கம்பெனி மிகவும் வருந்துகிறதாம், இனிமேல் பயிற்சி வகுப்பு நடத்துமாம். கேட்கக் கேட்க எனக்குக் காது சூடேறியது.

"மேடம், இத ஒரு தடவ பாருங்க" என்று நான் குறுக்கே புகுந்து, மரப் படத்தின் மேல் ரோட்டைப் போட்ட பிரிண்டை மேசையில் விரித்தேன். "இது வழி தவறிப் போன ரோடு இல்ல. மரம் தேடிப் போன ரோடு."

உஷாராணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். விரலால் ஒவ்வொரு வளைவாகத் தொட்டுக்கொண்டு போனார். அவர் முகம் மாறியது. எனக்கு ஒரு மூச்சு வந்தது.

பிரவினும் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு மெல்ல நிமிர்ந்து, "எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்துச்சி மேடம்" என்றார். "ஜெயராஜுக்கும் கான்ட்ராக்டருக்கும் உள்ளுக்குள்ள ஏதோ பேச்சு இருந்திருக்கு. மரத்தப் பாத்துப் பாத்துதான் ரிப்பன் கட்டியிருக்காரு. பாவம், வயசான ஆளுன்னுதான் நான் தவறுன்னு மட்டும் எழுதுனேன்."

அடப்பாவி! நான் கொண்டுவந்த படத்தையே எடுத்து ஜெயராஜ் அண்ணன் தலையில் போட்டுவிட்டார். அதுவரை கண் தெரியாதவர், இப்போது திருடன். ஜெயராஜ் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"மரத்தப் பத்தி இவரு யாருகிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்காரா?" என்று கேட்டார் உஷாராணி.

"ஒரு வார்த்த இல்ல மேடம்" என்றார் பிரவின்.

என் கை தானாகப் பைக்குள் போனது. ஃபோனை எடுத்தேன், ஜூன் மாதத்துக்குப் போனேன். ஜெயராஜ் அண்ணன் பெயர். நான் அனுப்பிய புள்ளிகள். அதன் கீழே அந்த வாய்ஸ், தேதியோடு. ஃபோனை மேசை நடுவில் வைத்து அமுக்கினேன்.

"தங்கச்சி, ஜெயராஜ் பேசுறேன்" என்று ஆரம்பித்தது. பின்னால் காட்டுப் பூச்சிகளின் இரைச்சல். "இந்த லைனு எனக்குப் புரியல. மொகட்டுல நல்லா கெட்டி மண்ணுதான். அத வுட்டுட்டு எறங்குது, ஏறுது, மறுபடி எறங்குது. லோரி இதுல எப்புடிலா ஏறும்?"

நான் கேட்டது அதுவரைதான். அன்று அங்கேதான் நிறுத்தினேன். குரல் தொடர்ந்தது.

"நான் கட்டுற ரிப்பனெல்லாம் பெரிய மரத்துக்கிட்டயே போய் நிக்குது. மொதல்ல தற்செயல்னு நெனச்சேன். பன்னெண்டு ஆச்சு தங்கச்சி. இப்ப நிக்கிறது வெள்ள வளையம் போட்ட மரம். தாய் மரம். கீழ பூரா கன்னு. எனக்குக் கை வரல." மூச்சு வாங்கும் சத்தம். "புல்டோசர் வியாழக்கெழம ஏறுது. இன்னும் ரெண்டு நாளு இருக்கு. மத்தவங்ககிட்ட சொன்னா கேக்கமாட்டாங்க. ஒன்ட்டதான் சொல்றேன், நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். நீ நிறுத்துன்னு சொன்னா நான் கட்டுனதையும் அவுத்துட்டு வந்துடுறேன். யாரு கேட்டாலும் நான் பாத்துக்குறேன். ஒரு வார்த்த சொல்லு."

பூச்சி இரைச்சல் நின்றது. நான் கையை நீட்டுவதற்குள் அடுத்த வாய்ஸ் தானாக ஓடியது. ரயில் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், அவசரமாக, எரிச்சலாக.

"ப்ளான்படி போங்கண்ணே. அப்ரூவல் வந்துருச்சி."

கீழே பூக்கடைக்காரர் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பிரவின் லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"ரெண்டாவது குரல் யாரோடது?" என்று கேட்டார் உஷாராணி.

"என்னோடது மேடம். அந்தப் புள்ளியெல்லாம் பிரவின் பென்டிரைவ்ல குடுத்தாரு, நான் அனுப்புனேன். எழுதித் தரேன். ஃபோனையும் வச்சிக்குங்க."

"ஒங்க பேருலயும் நடவடிக்க வரும்."

"வரட்டும்."

உஷாராணி எழுதத் தொடங்கினார். ஜெயராஜ் அண்ணன் தன் முன்னால் இருந்த கடிதத்தை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னிடம் நன்றி சொல்வார் என்று ஒரு நொடி நினைத்தேன். என்ன திமிர் எனக்கு!

"மூணு மாசமா ஒரே யோசன தங்கச்சி" என்றார். "முழுசா கேட்டுட்டுத்தான் போகச் சொன்னியான்னு." வாய்ஸ் ஓடியபோதும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தைத்தான். "நீ கேக்கவே இல்ல."