உபயோகிப்பவரின் தவறு

ஸ்ரீவில்லிபுத்தூர் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் மெர்வின் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் கவளத்தை வாயில் வைத்த நேரத்தில், பாண்டிசெல்வி மேஜைமேல் ஒரு மஞ்சள் தாளை விரித்து வைத்தாள்.

"இது நீங்க எழுதினதுதான தம்பி?"

அவன் மென்றுகொண்டே பார்த்தான். ஐந்து நாளைக்கு முன்பு ராஜபாளையத்தில் பிளஸ்ஸி டீச்சர் வீட்டுப் பாத்திரம் கழுவும் மிஷினைப் பார்த்துவிட்டு அவன் கொடுத்துவிட்டு வந்த தாள். அடியில் இங்கிலீஷில் ஒரே வரி. அந்த வரியைத்தான் டீச்சர் அவளை நிற்கவைத்துத் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தார். உபயோகிப்பவரின் தவறு. அந்த வீட்டில் மிஷினை உபயோகித்தது பாண்டிசெல்வி ஒருத்திதான்.

"மிஷின் இருந்தா வேலை போயிருமோன்னு வேணும்னே எதையோ போட்டு வச்சிட்டே, இல்லையா?" என்று டீச்சர் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வேலையை விட்டு நிறுத்தினார். அன்று சாயங்காலமே எதிர்வீட்டு டாக்டரம்மா, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் செல்வி" என்று கேட்டைத் திறக்காமலே சொன்னார். மறுநாள் கடைசி வீட்டிலும் அப்படியே. பதினோரு வருஷமாக அந்தத் தெருவில் அவள் நுழையாத அடுக்களை இல்லை. ஒரு ஸ்பூன் காணாமல் போனது என்று யாரும் சொன்னதில்லை.

வேணும்னே போட்டுவிட்டாளாம். அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆறவில்லை. அந்த மிஷின் வந்து எட்டு மாசம் ஆகிறது. அதற்கு முன்பு அவளுடைய விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து பிளந்து கிடக்கும். ராத்திரி சோற்றைப் பிசைந்தால் காந்தும். கரண்டியால்தான் சாப்பிடுவாள். மிஷின் வந்த மூன்றாம் மாசம் புண் ஆறி, புதுத்தோல் வந்தது. பண்டிகைக்குத் துடைப்பதுபோல அதைத் தினமும் துடைத்துவைத்தவள் அவள். சல்லடையைக் கழற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்துத்தான் வீட்டுக்குப் போவாள். அதைப் போய் அவள் கெடுப்பாளா?

"உள்ள தொறந்து பாத்தீகளா?" என்று மெர்வினிடம் கேட்டாள்.

"எரர் காட்டுச்சுக்கா. அடியில தண்ணி நின்னுச்சு. அது மோட்டார்ல ஏதோ சிக்குனாத்தான் வரும்."

"தொறந்து பாத்தீகளான்னு கேட்டேன்."

அவன் டிபன் பாக்ஸை மூடினான். "அன்னைக்கு எனக்கு ஒம்பது வீடு. சிக்கல்னு வந்தா அப்படித்தான் எழுதணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. அப்பத்தான் வாரண்டில வராது. ஒங்க பேரு எதையும் நான் எழுதலையே."

"வேற யாரு பேரு அது? நான்தான அங்க நின்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா? அந்த மிஷின் பக்கமே வராத டீச்சர் வீட்டு சார்கிட்ட கேட்டுட்டுப் போனீக. எங்கிட்ட கேட்டுருந்தா சொல்லியிருப்பேன். தண்ணி நல்லா ஏறுது, வெளிய தள்ளுற நேரத்துல மட்டும் கர்ருனு ஒரு சத்தம், பொறவு நின்னுபோகுதுன்னு."

மெர்வின் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தான். பிறகு மஞ்சள் தாளைத் திருப்பிப்போட்டு, பேனாவை எடுத்து ஒரு வட்டம் வரைந்தான். "சல்லடையை எடுத்தா கீழ குழி இருக்குல்லக்கா? அதுல சைடுல வெள்ளையா ஒரு சின்ன மூடி. ஸ்பூன் காம்பால நெம்புனா வந்துரும். உள்ள குட்டி ஃபேன் மாதிரி இருக்கும், அது சுத்துதான்னு பாக்கணும். மொதல்ல பிளக்கப் பிடுங்கிருங்க." கொஞ்சம் தயங்கி, "பத்து நிமிச வேலைதான்" என்றான்.

பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல்தான் அவளுக்கு மூன்று வீடு போனது. பஸ்ஸில் ராஜபாளையம் வந்து சேரும்வரை அந்த வார்த்தையே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்த டீச்சர் அவளைப் பார்த்ததும் நிலையை மறித்து நின்றார்.

"மிஷின நான் தொறந்து பாக்கணும் டீச்சர்."

"எதுக்கு? மிச்சம் மீதி ஒடைக்கவா?"

"அது ஓடாமத்தான கெடக்கு. இதுக்கு மேல நான் என்ன ஒடைக்கப் போறேன்? நீங்க பக்கத்துலயே நில்லுங்க. நான் போட்டதுன்னு ஏதாவது இருந்தா இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

உள்ளே சோபாவில் இருந்து டீச்சரின் கணவர் சத்தியநேசன் குரல் கொடுத்தார். "அவள எதுக்கு உள்ள விடுதே? அதான் கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்துட்டானே." பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சர்ச் சபையில் கமிட்டி மெம்பர். அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. இன்று அவர் குரல் உயர்ந்ததை டீச்சரும் கவனித்திருக்க வேண்டும். திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வழிவிட்டார்.

மிஷின் கதவைத் திறந்ததும் ஊசல் நாற்றம் அடித்தது. பாண்டிசெல்வி பிளக்கைப் பிடுங்கினாள். அடியில் நின்ற கலங்கல் தண்ணீரை டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். சல்லடையைத் திருகி வெளியே வைத்தாள். குழிக்குள் கைவிட்டுத் தடவியபோது மெர்வின் வரைந்த படத்தில் இருந்த இடத்திலேயே மூடி தட்டுப்பட்டது. ஸ்பூன் காம்பைக் கொடுத்து நெம்பினாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவை 'டக்' என்று கையோடு வந்தது. விரலை நுழைத்து அந்தக் குட்டி ஃபேனைத் தள்ளினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே தேடினாள். சுருக்கென்றது. ரத்தத்தோடு வெளியே எடுத்தாள். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. கனமானது. ஒரு பக்கம் சதுரம் சதுரமாக வெட்டு.

அதை அவள் டீச்சரிடம் நீட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இந்த மாதிரி கிளாஸை அவள் ஒருநாளும் கழுவியது கிடையாது. அதை சார் கழுவக் கொடுக்கவே மாட்டார். துண்டைப் பார்த்த டீச்சர் ஹாலுக்குப் போனார். ஷோகேஸில் அதே வெட்டு கிளாஸ் நான்கு இருக்க வேண்டிய வரிசையில் மூன்றுதான் இருந்தது.

"நான் மதுரைக்குப் போயிருந்த அன்னைக்கா?" என்று டீச்சர் கேட்டார். "குடிய விட்டுட்டேன்னு சொன்னீங்களே."

சத்தியநேசன் தினத்தாளை மடித்தார். "ரெண்டு பேரு வந்திருந்தாங்க. அவிய போன பொறவு மிஷின்ல போட்டேன். உள்ளேயே ஒடஞ்சிருச்சு. எல்லாத்தையும் பொறுக்கி எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"அப்ப இந்த அஞ்சு நாளா என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீக சார்?"

பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவர் மடித்த தாளை மறுபடி விரித்தார்.

அவள் மூடியைப் பொருத்தி, சல்லடையைத் திருகி, ஒரு சொம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி, பிளக்கைச் சொருகிப் பட்டனை அழுத்தினாள். மிஷின் முனகியது. செத்த நேரத்தில் சிங்க் குழாய்க்குள் தண்ணீர் தங்குதடையில்லாமல் இறங்கும் சத்தம் கேட்டது. டீச்சர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மருந்துப்பெட்டியில் இருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து நீட்டி, "சரி, நாளையில இருந்து வந்துரு" என்றார்.

பாண்டிசெல்வி பிளாஸ்திரியை வாங்கவில்லை. "டாக்டரம்மாட்ட சொல்லுங்க டீச்சர். கடைசி வீட்டுலயும் சொல்லுங்க."

"சொல்றேன். மெதுவாச் சொல்லிக்கிடலாம்."

"என்னையப் பத்தி மெதுவாவா சொன்னீக? அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டீகளே."

"இவரு பேரு வெளிய வரும் செல்வி. சபையில என்ன பேசுவாங்க? நீ புரிஞ்சுக்கிடணும்."

"சார் பேரே வேண்டாம். நான் செய்யலன்னு மட்டும் சொல்லுங்க. அம்புட்டுதான்."

டீச்சர் போனைக் கையில் எடுத்தார். பிறகு அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

பாண்டிசெல்வி கண்ணாடித் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வெளியே வந்தாள். கேட்டைத் திறந்தாள். மத்தியான வெயிலில் தெரு வெளிறிக் கிடந்தது. நேராகக் குறுக்கே நடந்து டாக்டரம்மா வீட்டு மணியை அழுத்தினாள். "செல்வி, ஏட்டி, நில்லு" என்று பின்னால் குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் அழுத்தினாள்.

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. டாக்டரம்மா பாதிக் கதவைத் திறந்து, பாண்டிசெல்வியைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இந்த வெயில்ல?"

டீச்சர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்திருந்தார். கொதிக்கும் தார்ரோட்டின் நடுவில் நின்று, ஒரு காலைத் தூக்கி மறுகாலை வைத்து, மறுகாலைத் தூக்கி இந்தக் காலை வைத்து, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.