எல்லோரும் ஒரு திருகு

காஜா மொய்தீன் மோட்டார் காரின் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்தபோது, சூலியா தெருக் கல்யாண வீட்டின் ஆண்பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டிருந்தார்கள். எஞ்சினின் கறுப்பு எண்ணெயை வடித்தாயிற்று. எண்ணெய்ச் சட்டியின் அடித்திருகைக் கையால் முட்டும்வரை சுழற்றி, ஸ்பானரால் கொஞ்சமே கொஞ்சம் இறுக்கி, புது எண்ணெயும் ஊற்றியாயிற்று. அதற்கு மேல் இறுக்கினால் திருகின் மரை அழிந்துவிடும்.

மாப்பிள்ளை அப்துல் ரஹீம் காஜாவின் மனைவிக்குத் தம்பி. ஆயர் ஈத்தாம் ஊரிலுள்ள பெண் வீட்டுக்குக் குதிரை வண்டியில்தான் ஊர்வலம் போக வேண்டும் என்று மூத்த மச்சான் ஹனீபா ஒற்றைக்காலில் நின்றார். காஜாதான் மாமியார் காமாரியாவிடம் மன்றாடித் தன் வாடகை மோட்டாருக்குச் சம்மதம் வாங்கினான். மச்சான்கள் அதைத் தகரப்பெட்டி என்பார்கள். இன்று அது வழியில் நின்றால், அவன் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்ன முடியாது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்தில் எந்த வேலையானாலும் எல்லா ஆண்களும் கை வைத்தாக வேண்டும். நெய்ச்சோற்றுக்குத் தம் போட்டால்கூட ஆளுக்கொரு முறை மூடியை அழுத்திவிட்டுப் போவார்கள். ஒருவரை விட்டுவிட்டால் அடுத்த பெருநாள் வரை பேச்சு வார்த்தை கிடையாது. சோற்றுப் பானை பொறுத்துக்கொண்டது.

"நல்லா இறுக்கினியா மச்சான்?" என்று இரண்டாவது மச்சான் மீரா சாகிப் ஸ்பானரை வாங்கினார்.

"போதும் மச்சான், மரை போயிரும்."

"ஒரு திருகுதான்லா."

அவர் இறுக்கினார். அவரைப் பார்த்துச் சின்ன மாமா. சின்ன மாமாவை விட்டதால் பெரிய மாமா. காஜா யாரையும் தடுக்கத் துணியாமல் நின்றான். கடைசியில் ஹனீபா, பட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மல்லாந்து உள்ளே தலையை நுழைத்தார்.

"பாத்தியா, எவ்ளோ லூசா வுட்டிருக்கே! இன்னும் சுத்துது... இன்னும் சுத்துது!" என்று வெற்றிக் களிப்போடு கத்தினார்.

திருகு கையோடு வந்தது. எண்ணெய் அவர் தாடியில் கொட்டியது. காஜா பாய்ந்து போய் ஓட்டையில் கட்டைவிரலைச் செருகினான்.

வெளியே உடனே விசாரணை தொடங்கியது. மீரா சாகிப் சும்மா தொட்டுத்தான் பார்த்தாராம். மாமாக்கள் ஸ்பானரைக் கண்ணாலேயே பார்த்ததில்லையாம். அகப்பைக் காம்பைச் சீவித் துணி சுற்றி ஓட்டையில் அடித்தால் ஆயர் ஈத்தாம் வரை தாங்கும். ஆனால் விரலை எடுக்க முடியாதவன் எப்படிச் சீவுவான்? அவர்களில் யாரை நம்பிச் சொல்லுவான்?

பக்கத்தில் மல்லாந்து கிடந்த ஹனீபா தாடியைத் துடைத்தார். அவனைப் பார்த்தார்.

"வெரல எடு. நான் வெக்கிறேன். நீ போய்ச் செய்யிறதச் செய்."

காஜா குசினிக்கு ஓடி அகப்பையும் கத்தியுமாகத் திரும்பி வந்தபோது, காமாரியா வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். "போதும் இந்தக் கூத்து! குதிர வண்டியக் கூப்புடுங்கடா!"

மோட்டாரின் அடியிலிருந்து குரல் வந்தது. "உம்மா! நான் இங்க கெடக்கிற வரைக்கும் ஒரு குதிர இந்தத் தெருவுக்குள்ள வரப்படாது!"

காஜாவின் கத்தி இரண்டு முறை காம்பை விட்டு வழுக்கியது. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு மரம் சீவுவது கஷ்டம்.

அதற்குள் பேண்டுக்காரர்கள் தொடங்கிவிட்டார்கள். முகம் மறைய மல்லிகைச் சரங்களாலான சேரா தொங்க, எதுவும் தெரியாத மாப்பிள்ளையை யாரோ கைப்பிடித்து அழைத்து வந்து பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். ஸ்பிரிங் முனகியது. அடியில் ஹனீபாவும் முனகினார். காஜாவின் மனைவி ஹமீதா பன்னீர்ச் செம்போடு வந்து தம்பி மேல் தெளித்தாள், மோட்டாரின் மூக்கில் தெளித்தாள். பிறகு, சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதங்களைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு, அவற்றின் மேலும் தெளித்தாள்.