சுடுவதற்கு முன் விழுந்த ஓட்டை

ஆர்லன் ப்ரெக்கே விசையைத் தொடுவதற்கு முன்பே அவர் குறிவைத்த புல்வெளி நாய் செத்து விழ ஆரம்பித்தது ஒரு மே மாதத்தில், மாட்டு விலை சரிந்து கிடந்த வருடம். இதை வேறு விதமாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் அன்று எங்கள் ஊர் சான்ட் க்ரீக்கில் இல்லாதவர்கள், அல்லது கோல்ப் குடும்பத்துக்கு உறவினர்கள்.

புல்வெளி நாய் என்பது பெயரில்தான் நாய். உண்மையில் வளை தோண்டும் கொழுத்த அணில். அதன் வளையில் கால் விட்டு ஒடித்துக்கொண்ட கன்றுக்குட்டியை அப்புறம் சுட்டுத்தான் புதைக்க வேண்டும். அதனால் தெற்கு டகோட்டாவின் எங்கள் மூலையில் ஒவ்வொரு பண்ணையிலும் அதற்கென்று ஒரு துப்பாக்கி இருந்தது. குழல் அளவு இருபத்திரண்டா, அதற்கும் சிறியதா என்று மளிகைக்கடை வாசலில் ஆண்கள் சாயங்காலம் வரை வாதாடுவார்கள். ஆர்லன் பதினேழைத் தேர்ந்தெடுத்தார். குண்டு ஒரு கோதுமை மணியை விடக் கொஞ்சம்தான் பெரியது. "கொசு அடிக்கவா வாங்கியிருக்க?" என்று பக்கத்துப் பண்ணை ரூபன் கோல்ப் கேட்டபோது ஆர்லன் ஒரு காரணத்தை மட்டும் சொன்னார்: அது தோளை உதைக்காது. உதைக்காததால் துப்பாக்கி மேல் மாட்டிய தொலைநோக்கி ஆடாது. ஆடாததால் குண்டு போய்ப் படுவதைச் சுட்டவன் தன் கண்ணாலேயே பார்க்கலாம். தான் செய்ததைத் தானே பார்க்காமல் பிறர் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் ப்ரெக்கே குடும்பத்தில் இல்லை.

தோட்டாக்களை அவர் கடையில் வாங்கவில்லை. நிலவறையில் மேசை போட்டுத் தானே வெடிமருந்து அடைத்தார். பித்தளைக் கூடுகளை எடை போட்டுப் பிரித்தார், அவற்றின் வாயை உள்ளும் புறமும் வழித்தார், தராசு முள் நடுங்கினால் மருந்தில் ஒரே ஒரு மணியை இடுக்கியால் எடுத்தார். குண்டின் மூக்கை மெழுகுவர்த்திப் புகையில் கருக்கி, குழலுக்குள் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு மயிரிழை குறைவாக நிறுத்தினார். முதல் வாரம் வெடிச் சத்தம் காதில் விழுவதற்கு முன் குண்டு பட்டதைப் பார்த்தார். இது யாருக்கும் நடக்கும். மருந்தை மேலும் சீராக்கியபோது தோளில் அசைவு தெரிவதற்கு முன் பார்த்தார். இன்னும் சீராக்கியபோது, விரல் விசைக்குப் போகும் வழியிலேயே நாய் மல்லாந்துவிட்டது.

வேறு ஒருவராக இருந்தால் ஒரு தோட்டா மிச்சம் என்று எழுந்து போயிருப்பார். ஆர்லன் அந்த வெறும் இடத்தைக் குறிவைத்துச் சுட்டார். புழுதி எழவில்லை, அந்தப் புழுதி ஏற்கனவே எழுந்து அடங்கிவிட்டது. சுடாத குண்டால் விழுந்த நாயை ஒரு ப்ரெக்கே தன் கணக்கில் வைத்துக்கொள்ள மாட்டார். கோடை முற்ற முற்ற இடைவெளியும் வளர்ந்தது. காலையில் நாய் விழும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்லன் போய்ச் சுடுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழுந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுட்டார். தேவாலயம் முடிந்ததும் மக்கள் உருளைக்கிழங்கு சாலட்டோடு வந்து வேலியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மேட்டில் நாய் தானாகக் குட்டிக்கரணம் அடிக்கும்போது கைதட்டினார்கள். ஒரு வாரம் கழித்து வந்து வெறும் மேட்டை ஆர்லன் சுடும்போது இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மனைவி லவான் மட்டும், "ஏங்க, அடுத்த வாரம் மழை வந்துதுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "நனைஞ்சுக்கிட்டே சுடுவேன்" என்றார் ஆர்லன். அப்படித்தான் சுட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் அவர் மகள் சிக்னேவுக்கும் ரூபனின் மகன் டெல்மருக்கும் கல்யாணம். முந்தின நாள் ஆர்லன் அதுவரை அடைத்ததிலேயே மிகச் சீரான ஒரு பெட்டித் தோட்டாக்களை அடைத்து முடித்து, சுட்டுப் பார்க்க நேரமில்லாமல் அலமாரியில் வைத்திருந்தார். விருந்தைக் குன்றின் அடியில் வைக்கோல் வெட்டிய வயலில் வைத்தார்கள். சமதளம் அது ஒன்றுதான். ரூபன் பிடில் சத்தத்துக்குப் பயந்து ஒதுங்கி, ஆர்லன் தோட்டா சோதிக்கும் இலக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றார். அவர் தலையில் சாம்பல் நிறத்தில் உயரமான புதுத் தொப்பி. அப்போது தொப்பி லேசாகத் துள்ளி உட்கார்ந்தது. சத்தம் எதுவும் இல்லை. கழற்றிப் பார்த்தால் நெற்றிக்கு மேலே சின்னதாக ஒரு ஓட்டை. வெளியேறிய ஓட்டை இல்லை. அந்த மாதிரி மெல்லிய குண்டு பட்ட இடத்திலேயே பொடியாகிவிடும். அந்தப் பொடி ரூபனின் வழுக்கையில் ஒரு சிட்டிகை திருநீறு போல இருந்தது.

அந்த நேரத்தில் ஆர்லன் முந்நூறு பேர் பார்க்க மணப்பெண்ணோடு ஆடிக்கொண்டிருந்தார். துப்பாக்கி வீட்டில் பூட்டில் இருந்தது. ஆனால் ஓட்டை பதினேழு. அந்த வட்டாரத்தில் பதினேழு ஒன்றுதான்.

"நீ இப்ப சுடல, சரி. இனிமேதான் சுடப்போற!" என்று கத்தினார் ரூபன். "சம்பந்தின்னு கூப்பிட்ட வாய் இன்னும் காயல, அதுக்குள்ள என் தலையைக் குறிவைக்கப் போறியாய்யா? கேளு மன்னிப்பு!"

"செய்யாத காரியத்துக்கு எங்க குடும்பத்துல யாரும் மன்னிப்புக் கேட்டதில்ல, சம்பந்தி."

"செஞ்சப்பறம்?"

"செஞ்சப்பறம் பாக்கலாம்."

"சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க! இதைச் சுடுறவன் தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ரூபன் கோல்ப்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுவரைக்கும் ப்ரெக்கே வீட்டுக் கூரைக்குக் கீழ நான் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்."

ஆர்லன் அன்றே அந்தப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினார். பதினேழை அதன் பிறகு தொடவில்லை. ஆனால் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். ஒரு நாள் ஒரு ப்ரெக்கே தன் சம்பந்தியின் தலையை நோக்கிச் சுட்டே ஆக வேண்டும் என்று ஊர் பேசியது. ப்ரெக்கே என்ற எங்கள் குடும்பப் பெயர் முதல்முறையாக மளிகைக்கடை வாசலில் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டது. போதகரிடம் கேட்டார்கள், அவர் வானிலை பற்றிப் பேசினார். நான்கு கிறிஸ்துமஸுக்கு ரூபன் ஆர்லன் வீட்டு வாசலில் தன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். சிக்னே வண்டி ஜன்னல் வழியாக, ரூபார்ப் தண்டு வைத்த பை என்னும் பலகாரத்தைக் கொடுத்தாள். தொப்பியை அவர் மாற்றவும் இல்லை, ஒட்டுப் போடவும் இல்லை. ஓட்டை எல்லாருக்கும் தெரியும்படி நெற்றியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

குழந்தை பிறந்ததும் சிக்னே இரண்டு வீட்டுக்கும் ஒரே சேதி சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம். அப்பாவும் மாமாவும் ஒரே மேஜையில உக்காந்து சாப்பிடலன்னா, புள்ளையைத் தூக்கிட்டுப் போய் கத்தோலிக்கக் கோயில்ல முக்கிடுவேன்." கத்தோலிக்கர் பக்கமே திரும்பாத லூத்தரன் சபைக் குடும்பங்கள் இரண்டும் அன்று தூங்கவில்லை.

ஆர்லன் யோசித்து, ப்ரெக்கே ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியத்தைச் செய்தார். ஞாயிறு காலை ரூபனை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் சுடும் மேசையில் துப்பாக்கியையும் கயிறு கட்டிய பெட்டியையும் வைத்தார். "எடுத்துட்டுப் போ, சம்பந்தி. உன் வீட்லயே பூட்டி வை. துப்பாக்கி கோல்ப் வீட்ல இருந்தா எந்த ப்ரெக்கே உன்னைச் சுட முடியும்?"

ரூபனுக்கு நெஞ்சு இளகியது. ஆனால் இளகியதைக் காட்டும் வழக்கம் அவர்கள் வீட்டிலும் இல்லை. "விசை எப்படி? நம்ம பழைய கதவு மாதிரி இழுக்கணுமா?"

"பக்கத்துல நின்னு தும்மினாலே போதும்."

"வெறுங்கூடு போட்டுத் தொட்டுப் பாக்குறேன். உன் தோட்டாவைச் சுட மாட்டேன். அடுத்தவன் அடைச்ச தோட்டாவைச் சுடுறவன் முட்டாள்."

"அது நியாயம்" என்று சொல்லி ஆர்லன் காப்பி ஊற்றத் திரும்பினார்.

இங்கே ஒரு விஷயம். நிறைந்த தோட்டாவைப் பெட்டியில் மூக்கு கீழே, அடிப்பாகம் மேலே இருக்கும்படி குத்துவது ப்ரெக்கே வழக்கம்; சுட்ட வெற்றுக் கூடு வாயைத் திறந்து வானத்தைப் பார்க்கும். கோல்ப் வீட்டில் எல்லாம் தலைகீழ். அங்கே அடிப்பாகம் மேலே தெரிந்தால் அது காலி. எங்கள் வழக்கம்தான் சரி என்பதில் இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லை. ரூபன் கயிற்றை அவிழ்த்தார். பெட்டி முழுக்க அடிப்பாகங்கள் மினுங்கின. ரகசியமாகச் சுட்டுத் தீர்த்துவிட்டு யோக்கியன் வேஷமா என்று ஆர்லனின் முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கீழே பார்க்காமல், காலிக் கூடு என்று நினைத்த ஒன்றை எடுத்து உள்ளே தள்ளினார். குன்றின் அடியில் ஆளில்லாத வயலில் அந்தப் பழைய கம்பம் நின்றது. அதன் உச்சியில் ஒரு கரிய முடிச்சு. அதைக் குறிவைத்து விசையைத் தொட்டார்.

வெடித்தது. கம்பத்தில் எதுவும் படவில்லை. புழுதி இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அதே முடிச்சுக்கு நேர் எதிரே தன் தொப்பி இருந்த உயரத்தை ரூபன் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

ஆர்லன் காப்பிக் கோப்பையை நீட்டினார். "சர்க்கரை வேணுமா?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் கேட்டு ஞானஸ்நான விருந்துக்கு வந்த எல்லாரும் ஓடி வந்தார்கள். லவான் மாவுக் கையோடு நின்றாள். ரூபன் கோல்ப் வாக்கு மாறாதவர். கோல்ப் குடும்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லக்கூடிய நல்ல வார்த்தை அது ஒன்று. அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் முன்னால் பிடித்து, ஓட்டையை நேருக்கு நேர் பார்த்தார்.

"ரூபன் கோல்ப், உன் தலையை நோக்கிச் சுட்டதுக்கு என்னை மன்னிச்சுரு" என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். ரூபன் நிறைய நேரம் யோசித்தார்.

"சம்பந்தி, மன்னிச்சிட்டாரா இல்லையா? கோழி ஆறுது" என்றாள் லவான்.

"இந்த ஒரு தடவை" என்றார் ரூபன் விறைப்பாக. தொப்பியை மாட்டிக்கொண்டு, நான்கு வருடத்தில் முதல்முறையாகப் படியேறி உள்ளே வந்து, இரண்டு தட்டுக் கோழியும் மூன்று துண்டு பையும் சாப்பிட்டார். குழந்தை லூத்தரனாகவே இருந்தது.

அந்தப் பெட்டியில் மீதித் தோட்டாக்கள் அடிப்பாகம் மேலே தெரிய இன்றும் அப்படியே இருக்கின்றன. அன்று மேசையில் எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது லவானின் காப்பிக் கெண்டியில் சத்தமில்லாமல் சின்னதாக ஒரு ஓட்டை விழுந்து, அதிலிருந்து மெல்லிய தாரை வந்தது. லவான் அதன் கீழே ரூபனின் கோப்பையை நகர்த்தி வைத்தாள். கோப்பை நிரம்பியது. யார் சுடப்போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சர்க்கரையை மட்டும் ரொம்ப மரியாதையாக ஒருவருக்கொருவர் நகர்த்திக் கொடுத்தார்கள்.